டிரைவ் ஷாஃப்ட் ரப்பர் உறையைக் கிழிக்காமல் கழற்றி, மீண்டும் மாட்டுவது எப்படி?

வேகமெடுக்கும்போதெல்லாம் கார் அதிர ஆரம்பித்ததால், முன்சக்கர டிரைவ் ஷாஃப்டை வெளியே எடுக்க வேண்டி வந்தது. கியர்பாக்ஸின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு இது; இதன் இரு முனையிலும் வளைந்தபடியே சுழலும் ஜாயின்ட் உண்டு, ஒவ்வொன்றையும் ஓர் உறை மூடியிருக்கும். கெட்டுப்போயிருந்தது கியர்பாக்ஸ் பக்கத்து ஜாயின்ட். அதை மூடியிருந்த ரப்பர் உறையில் ஒரு கீறல்கூட இல்லை. மெக்கானிக்குகள் பூட் என்று சொல்வது இந்த உறையைத்தான். ஷாஃப்ட் கைக்கு வந்ததுமே கத்தியால் இதை அறுத்தெறிவது பலருக்கும் வழக்கம். நல்ல உறையை அறுக்கவே கூடாது என்பது என் கட்சி.

உறைக்கு வேலை இரண்டு: கிரீஸை உள்ளே வைத்திருப்பது, மண்ணையும் தண்ணீரையும் உள்ளே விடாதிருப்பது. சக்கரத்தின் பக்கத்து ஜாயின்டில் பெரும்பாலும் ஆறு எஃகுக் குண்டுகள் இருக்கும். உறை கிழிந்து மண் புகுந்தால் அவை ஓடும் தடம் தேய்ந்து, வண்டியைத் திருப்பும்போது 'டக் டக்' என்று சத்தம் வரும். அந்த நிலைக்கு வந்த ஜாயின்டுக்குப் புது கிரீஸ் மருந்தாகாது.

முதலில், உறை மறுபடி மாட்டத் தகுந்ததா என்று பாருங்கள். மடிப்புகளை ஒவ்வொன்றாக விரல்களால் விரித்து, பள்ளத்தின் அடியைப் பாருங்கள். வெடிப்பு தொடங்குவது அங்கேதான். மயிரிழை வெடிப்பு தெரிந்தாலும், ரப்பர் உப்பிப் பிசுபிசுத்தாலும் புதிது வாங்கிவிடுங்கள்.

ஷாஃப்டை வெளியே எடுப்பது வண்டிக்கு வண்டி மாறும். உங்கள் வண்டியின் பழுதுபார்ப்புக் கையேட்டைப் பாருங்கள். பொதுவாகச் சொல்ல வேண்டியவை மூன்று. ஹப் நட்டை, அதாவது சக்கரத்தின் நடுவில் ஷாஃப்ட் நுனியைப் பிடித்திருக்கும் பெரிய நட்டை, சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்துங்கள். வண்டியைத் தூக்கிய பிறகு ஸ்டாண்ட் வைக்காமல், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை வைக்காதீர்கள். ஷாஃப்டை நடுவில் பிடித்து இழுக்காதீர்கள். உள்பக்க (கியர்பாக்ஸ் பக்கத்து) ஜாயின்ட் உறைக்குள்ளேயே கழன்று, உறையும் கிழியும்.

இனி கிளாம்ப், அதாவது உறையின் வாயை இறுக்கிப் பிடிக்கும் பட்டை. பழைய கிளாம்பைக் காப்பாற்ற முயல வேண்டாம். காது போல் மடங்கியிருக்கும் இடத்தைக் கட்டிங் பிளேயரால் நறுக்கி எடுத்துவிடுங்கள். கிரைண்டர் வேண்டவே வேண்டாம். ஒரு தீப்பொறி போதும், ரப்பரில் ஓட்டை விழ.

உறையைப் பின்னால் தள்ளி, கிரீஸைத் துணியால் வழித்தெடுங்கள். உள்பக்க ஜாயின்ட் மூன்று உருளை வகை என்றால், வெளிக் கிண்ணம், உருளைகளைத் தாங்கும் மும்முனைத் துண்டு, ஷாஃப்ட் மூன்றிலும் பெயின்ட்டால் நேர்க்கோட்டில் புள்ளி வையுங்கள். கிண்ணத்தை உருவியதும் உருளைகளைச் சுற்றி டேப் ஒட்டிவிடுங்கள்; இல்லாவிட்டால் அவை கழன்று விழும். பிறகு அந்தத் துண்டை நகராமல் பிடித்திருக்கும் சர்க்லிப் வளையத்தை எடுத்து, மும்முனைத் துண்டைத் தட்டிக் கழற்றலாம். பல வண்டிகளில் சக்கரப் பக்கத்து ஜாயின்டைத் தொடாமலேயே, இரண்டு உறைகளையும் இந்தப் பக்கமாக உருவிவிட முடியும்.

நான் கோட்டை விட்ட இடம் இதற்கு அடுத்தது. ஷாஃப்டின் நுனியில் இருக்கும் ஸ்ப்லைன் பற்கள் பார்வைக்கு மழுங்கலாகத் தெரியும். உண்மையில் ஒவ்வொரு பல்லின் ஓரமும் பிளேடு போன்றது. முதல் தடவை உறையை அதன் மேலேயே இழுத்து உருவினேன். வெளியிலிருந்து பார்க்க எந்தக் குறையும் தெரியவில்லை. மாட்டி ஓட்டிய மூன்றாவது வாரம், ஷாஃப்டைச் சுற்றிலும் கீழ்ப்பகுதியெங்கும் கரிய கிரீஸ் தெறித்திருந்தது. மறுபடி கழற்றி, உறையின் சிறிய கழுத்தை உட்புறம் வெளியே வருமாறு புரட்டினேன். உதட்டின் குறுக்கே நான்கைந்து மெல்லிய கீறல்கள், சீப்பால் இழுத்தது போல வரிசையாக இருந்தன. கிரீஸ் கசிந்த வழி அதுதான்.

ஆகவே பற்களை முழுவதும் மூடும்படி இன்சுலேஷன் டேப்பை இரண்டு சுற்று இறுக்கமாகச் சுற்றுங்கள். நுனியில் டேப்பைச் சற்று நீட்டி, கூம்பு போலக் குவித்துவிடுங்கள். மேலே கொஞ்சம் கிரீஸ் தடவி, உறையை மெதுவாகத் திருகியபடி உருவுங்கள். மாட்டும்போதும் இதே முறைதான். வழுக்கலுக்குத் தடவிய கிரீஸைப் பிறகு துடைத்துவிட வேண்டும்.

உறையைச் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். பெட்ரோலில் ஊறவைத்தால் ரப்பர் உப்பி வலுவிழக்கும். ஜாயின்டைத் தனியாகச் சுத்தம் செய்து, ஈரமில்லாமல் காயவிடுங்கள்.

மாட்டும்போது மாலிப்டினம் கலந்த, சி.வி. ஜாயின்டுக்கென்றே (டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்டுக்குக் கடையில் வழங்கும் பெயர்) விற்கும் கிரீஸைத்தான் பயன்படுத்துங்கள், அளவுக்குக் கையேடு. பாதியை ஜாயின்டுக்குள் அழுத்தி, மீதியை உறைக்குள் இடுங்கள். உறையின் இரு வாய்களும், அவை உட்காரும் இடங்களும் உலர்ந்திருக்க வேண்டும். அங்கே கிரீஸ் இருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் உறை வழுக்கும்.

பெரிய வாயில் கிளாம்பை இறுக்கிவிட்டு, சிறிய வாயில் சற்றுப் பொறுங்கள். உள்பக்க ஜாயின்டின் நீளத்தைக் கையேட்டில் உள்ள அளவுக்கு வைத்துக்கொண்டு, முனை மழுங்கிய மெல்லிய கம்பி ஒன்றைக் கழுத்துக்கு அடியில் நுழையுங்கள். 'புஸ்' என்று காற்று போகும் அல்லது வரும்; உள்ளே ஒட்டிக் கிடந்த மடிப்புகள் தானாக எழுந்து நிற்கும். கம்பியை எடுத்துவிட்டு, கழுத்து ஷாஃப்டின் பள்ளத்தில் உட்கார்ந்ததா என்று பார்த்து இறுக்குங்கள். இதைச் செய்யாவிட்டால் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசித் தேயும்.

கிளாம்ப் விஷயத்தில் எனக்குச் சமரசம் கிடையாது. காது வைத்த எஃகுக் கிளாம்பும், அதை நெரிக்கும் குறடும் வாங்குங்கள். பிளாஸ்டிக் டை சூட்டில் இளகிவிடும். பிளந்து ஒட்டும் வகை உறைகளையும் நான் நம்புவதில்லை.

பின்சேர்க்கை: தங்கள் உறை வளையவே மறுக்கிறது என்று இரண்டு வாசகர்கள் எழுதியிருந்தார்கள். அது ரப்பர் அல்ல, கெட்டியான தெர்மோபிளாஸ்டிக். வெந்நீரில் சில நிமிடம் போட்டெடுத்து, நன்றாகத் துடைத்துவிட்டு மாட்டினால் இணங்கும். கிளாம்பின் காது பக்கத்துப் பாகத்தில் இடிக்கிறது என்றார் இன்னொருவர். இறுக்கும் முன்பே ஷாஃப்டைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, இடைவெளி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹப் நட் புதிதாக இருக்கட்டும். முறுக்கு விசையை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சால் கையேட்டு அளவுக்கு இறுக்குங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுவதும் ஒடித்து நிறுத்தி, டார்ச் அடித்து உறைகளைப் பாருங்கள். கழுத்தைச் சுற்றி விரலால் தடவினால் விரல் உலர்ந்தே வர வேண்டும்.