சனிக்கிழமை சாயங்கால எரிச்சல்: எனக்கு அது தணிந்த விதம்

சனிக்கிழமை ஆறு மணி ஆனால் தாடை இறுகும். பிள்ளைகள் தட்டு வைக்கிற சத்தத்துக்கே கை ஓங்க வரும். மற்ற நாளில் இல்லை. சர்க்கரை, தைராய்டு பரிசோதனை சரியாகவே இருந்தது. "பழசை மற" என்ற அறிவுரையும் பலிக்கவில்லை.

பிடி கிடைத்தது மூன்று தலைமுறைக் குடும்ப வரைபடத்தில். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், அடிதடி உறவுக்கு நெளிகோடு. "தாத்தா ஏன் அடிச்சார்?" என்றால் அத்தை வாய் திறக்கமாட்டார், "எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு?" என்றால் சொல்வார். தாத்தா குடியாத்தத்தில் தறி நெய்தவர். சனிக்கிழமை கூலி, அன்றே குடி, அடி. அப்பா குடிக்காதவர், மாதச் சம்பளக்காரர். ஆனாலும் அதே கிழமை கத்துவார்.

இப்போது ஐந்தரைக்கே பாதத்தைத் தரையில் ஊன்றி, நாலு எண்ணி மூச்சிழுத்து ஆறு எண்ணி விடுகிறேன், பத்து முறை. வெளிமூச்சு நீள வேண்டும், அதில்தான் துடிப்பு தணியும். பிறகு பிள்ளைகளோடு வேலூர் கோட்டை மைதானம் போவேன். குரல் உயர்ந்துவிட்டால் தூங்குமுன் "தப்பு உன்மேல இல்லைடா" என்று சொல்லிவிட வேண்டும். முக்கியமான படி இதுதான். வீடு இப்போது நிம்மதியாக இருக்கிறது.

கெட்ட கனவு, சாகும் எண்ணம் இருப்பவர்கள் பழசைத் தனியாகத் தோண்ட வேண்டாம். வேலூர் பாகாயத்தில் சிஎம்சி மருத்துவமனையின் மனநல மையம் இருக்கிறது. அரசின் மனநல உதவி எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.