லைட்ஹவுஸை நடக்க விடாதீர்கள்

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் நடந்துவிட்டு வந்து ‘வாக்கிங் ஆன் தி பீச், தி லைட்ஹவுஸ் லுக்ட் பியூட்டிஃபுல்’ என்று எழுதினால், 1836இல் ஏற்றிய அந்தப் பழைய கலங்கரை விளக்கமே கால் முளைத்து நடந்ததாக அர்த்தம். தமிழில் ‘நடக்கும்போது லைட்ஹவுஸ் அழகாக இருந்தது’ என்றால் யாரும் குழம்ப மாட்டார்கள், அதனால்தான் நமக்கு இந்தத் தப்பு கண்ணிலேயே படுவதில்லை. ஆங்கிலத்தில் கமாவுக்கு அடுத்து வரும் எழுவாய்தான் நடந்த ஆள். அங்கே ‘ஐ சா தி லைட்ஹவுஸ்’ என்று உங்களை நிறுத்துங்கள். இல்லையா, ‘ஆஸ் ஐ வாக்ட்’ என்று முன்பகுதியிலேயே ஆளைச் சொல்லிவிடுங்கள், சரியாகிவிடும்.

அப்புறம் ‘ஒன்லி’. நம் ‘மட்டும்’ தான் குறிக்கும் சொல்லுக்குப் பின்னால் வரும், ‘ஒன்லி’யை அது குறிக்கும் சொல்லுக்கு முன்னால் வையுங்கள்.

‘மை பிரதர் ஹூ லிவ்ஸ் இன் கடலூர்’ என்று கமா இல்லாமல் எழுதினால் வேறு ஊரிலும் அண்ணன் இருப்பதாகப் படும். ஒரே அண்ணன்தானா? பிரதருக்குப் பின் ஒரு கமா, கடலூருக்குப் பின் ஒன்று.