பத்து வயதும் பதினாலு வயதும் சேர்ந்து கேட்கும்படி ஒரு சினிமாப் பாட்டு பிளேலிஸ்ட் போடுவது எப்படி?

தண்டையார்பேட்டையில் எங்கள் வீடு ஒரு ஹால், ஒரு சமையலறை. ஸ்பீக்கரும் ஒன்றுதான். மகளுக்குப் பத்து வயது, அக்கா பையனுக்குப் பதினாலு, கட்டிலில் ஆயா. யார் பாட்டு போட்டாலும் எல்லோர் காதிலும் விழும். போன வருடம் மகளின் பிறந்தநாளுக்கு மொட்டை மாடியில் ஒரு குத்துப் பாட்டைப் போட்டேன். பல்லவி ஜோராகத்தான் இருந்தது. இரண்டாவது சரணம் வந்ததும் ஆயா வெற்றிலை மெல்வதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். அன்று ராத்திரிதான் ஒழுங்காக ஒரு பிளேலிஸ்ட் போட உட்கார்ந்தேன்.

படி 1: பிள்ளைகளிடம் கேளுங்கள்

ஆளுக்கு ஐந்து பாட்டு, தாளில் எழுதித் தரட்டும். நம் பட்டியலை முதலில் நீட்டினால் காரியம் கெட்டது.

படி 2: சரணம் வரை கேளுங்கள்

ரீல்ஸில் ஓடுவது அரை நிமிடம். வில்லங்கம் பெரும்பாலும் சரணத்தில்தான் இருக்கும். அதனால் வீடியோ பார்க்காமல், வரிகளை மட்டும் படித்தபடி முழுப் பாட்டையும் கேளுங்கள். ஸ்பாட்டிஃபை போன்ற ஆப்களில் பாட்டுக்குப் பக்கத்தில் ஆங்கில 'ஈ' எழுத்து தெரிந்தால் மோசமான வார்த்தை உண்டு என்று அர்த்தம். ஆனால் அந்தக் குறி பாட்டின் உரிமையாளர் தரும் தகவலை வைத்துப் போடுவது. இரட்டை அர்த்தப் பாட்டு அதில் சிக்காமல் போய்விடும். யூ/ஏ 7+, 13+, 16+ என்ற சான்றிதழும் படத்துக்குத்தான், தனிப் பாட்டுக்கு அல்ல.

நான் தள்ளுவது மூன்று வகை: குடியைக் கொண்டாடுவது, வேண்டாம் என்ற பெண்ணைத் துரத்துவது, நிறத்தையும் உடம்பையும் கிண்டலடிப்பது. ஒரு பாட்டுக்கு அக்கா பையன் மல்லுக்கு நின்றான். "பீட்டுக்காகத்தான் சித்தி, வார்த்தையை யாரு கவனிக்கிறாங்க?" சரி, சரணத்தைச் சொல்லு பார்க்கலாம் என்றேன். ஒரு வார்த்தை பிசகாமல் முழுசாகச் சொன்னான். சொல்லி முடித்ததும் அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. தாளை வாங்கி அவனே அடித்தான்.

படி 3: நம்ம ஏரியா பாட்டு

வட சென்னைப் பிள்ளைக்குக் கானாவே கூடாது என்பவர்களோடு எனக்கு ஒத்துவராது. தொண்ணூறுகளில் தேவா போட்ட சினிமா கானாக்களில் தேடினால் நல்லது கிடைக்கும். காதல் தோல்விப் புலம்பலைத் தாண்டிப் போக வேண்டும், அவ்வளவுதான். சந்தோஷ் நாராயணன் இசையில் 'மெட்ராஸ்' (2014) படத்தின் 'சென்னை வட சென்னை', 'சார்பட்டா பரம்பரை' (2021) படத்தின் 'நீயே ஒளி' இரண்டும் எங்கள் பட்டியலில் உண்டு. 'மெட்ராஸ்' படத்தைப் பத்து வயதுக்குக் காட்ட மாட்டேன். படம் வேறு, பாட்டு வேறு.

படி 4: பழைய பாட்டுக்கு ஒரு கதை

சும்மா போட்டால் கேட்க மாட்டார்கள். 'அஞ்சலி' (1990) இளையராஜாவின் 500ஆவது படம், அதில் பாடிய பிள்ளைகளில் யுவனும் ஒருவர், அப்போது அவருக்குப் பத்து வயதுதான் என்றேன். யுவன் ரசிகனான எங்கள் பையன் அந்தக் குரல் எது என்று கண்டுபிடிக்க நாலு முறை ஓட்டிப் பார்த்தான். ஆங்கிலப் படம் கேட்டால் 'கோகோ' (2017) நல்ல தேர்வு. ஒரே பாட்டு மேடையில் ஆட்டமாகவும் மகளுக்குத் தாலாட்டாகவும் வரும். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுங்கள்.

படி 5: வரிசை

குத்தை முதலில் வைக்காதீர்கள். அப்புறம் வரும் மெலடி எல்லாம் சப்பென்று இருக்கும். நடுத்தர வேகத்தில் தொடங்கி, நடுவில் குத்து, கடைசியில் மெலடி. பதினைந்து பாட்டு போட்டால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஓடும். வீட்டுப்பாட நேரத்துக்கு வெறும் தீம் மியூசிக்கில் தனிப் பட்டியல் போடுங்கள். வார்த்தையே இல்லாததால் தொல்லையும் இல்லை.

படி 6: ஆட்டோபிளேயை அணையுங்கள்

இதை மறந்தால் மேலே செய்த வேலை அத்தனையும் வீண். பட்டியல் முடிந்ததும் ஆப் தானாக வேறு பாட்டைப் போடும், நாம் அடித்த பாட்டே திரும்ப வந்து நிற்கும். செட்டிங்ஸில் போய் நிறுத்திவிடுங்கள். ஹெட்போன் என்றால் சத்தம் அறுபது சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஆடி மாதம் மட்டும் எங்கள் பட்டியலுக்கு விடுமுறை. தெருமுனை அம்மன் கோயில் மைக் செட் விடியற்காலையிலேயே ஆரம்பித்துவிடும். அதற்கு முன்னால் நம் வீட்டு ஸ்பீக்கர் எடுபடாது.