டெக்கன் 2, டெக்கன் 3: ஒப்பிடும்போது செய்யக்கூடாத தவறுகள்

கடலூரில், மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து வீடியோ கேம் விளையாடி வளர்ந்தவர்களுக்கு டெக்கன் என்ற சண்டை கேம் என்றாலே அதன் மூன்றாம் பாகமான 3தான். பலர் பிறகுதான் 2-ஐத் தேடி எடுக்கிறார்கள். எடுத்த வேகத்தில் “ஆள் நகரவே மாட்டேன் என்கிறான்” என்று மூடியும் விடுகிறார்கள்.

இதுதான் பெரிய தவறு. 1995-இல் வந்த டெக்கன் 2-இல் பக்கவாட்டில் விலகுவது ஒரு சிலருக்கு மட்டும், அதுவும் குறிப்பிட்ட அசைவுகளில் மட்டுமே முடியும். 1997-இல் ஆர்க்கேடுக்கு, அதாவது காசு போட்டு ஆடும் கடை இயந்திரங்களுக்கு, வந்த டெக்கன் 3 அதை எல்லாருக்கும் கொடுத்தது. மேல் பட்டனை லேசாகத் தட்டினால் ஆள் திரைக்குள் விலகுவான். கீழ் பட்டனைத் தட்டினால் நம் பக்கம் வருவான். பால் (Paul) என்ற வீரன் பாய்ந்து வந்து ஒரு குத்து விடுவானே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். 2-இல் தடுக்க வேண்டும், இல்லையேல் பின்வாங்க வேண்டும். 3-இல் சரியான நொடியில் ஒரு தட்டு போதும், குத்து காற்றில் போகும், பாலின் விலா நம் கைக்கு எட்டும். அந்த ஒரு தட்டுக்காகவே நான் 3-இன் கட்சி. ஆனால் அது இல்லாத 2-இல் தூரத்தை அளந்து நிற்கும் கலை வேறு. அதை அதன் கணக்கில்தான் மதிப்பிட வேண்டும். 2-இல் பழகியவர்களோ 3-இலும் குதித்துக்கொண்டே இருப்பார்கள். அந்த வானளாவிய குதியை 3 வெகுவாகக் குறைத்துவிட்டது.

பெயரைப் பார்த்து ஏமாறுவது இன்னொன்று. கதை ஏறக்குறைய இருபது ஆண்டு தாண்டுகிறது. 2-இல் வருபவர் மார்ஷல் லா. 3-இல் வருபவன் அவருடைய மகன் ஃபாரஸ்ட். ஜாகுவார் முகமூடி கிங்கும் வேறு ஆள்தான். 3-இல் கசுயா இல்லையே என்று வருந்துபவர்கள் அவன் மகன் ஜின்னை விளையாடிப் பாருங்கள், அப்பாவின் அடியும் அம்மா ஜுனின் அடியும் அவனிடம் கலந்திருக்கும். ஜுன் வேண்டுமென்றால் 2-க்குத்தான் போக வேண்டும்.

வீட்டு டிஸ்க்கை வைத்து ஆர்க்கேடை எடைபோடவும் கூடாது. ஆர்க்கேடில் 2 ஓடிய சிஸ்டம் 11 என்ற மின்சுற்றுப் போர்டு பிளேஸ்டேஷனை ஒட்டியே செய்யப்பட்டது. 3 அதைவிட வேகமான சிஸ்டம் 12-இல் ஓடியது. எனவே 1998-இல் பிளேஸ்டேஷனுக்கு வந்தபோது பின்னணியைத் தட்டையான படமாக்கினார்கள். பதிலுக்கு டெக்கன் ஃபோர்ஸ், டெக்கன் பால் (Ball) என்ற கூடுதல் ஆட்டங்கள் கிடைத்தன.

வேகத்தை ஒப்பிடுவதானால் டிஸ்க் எந்த நாட்டுக்கானது என்று பாருங்கள். பழைய ஐரோப்பிய டிஸ்க்குகள் நொடிக்கு 50 படம், அமெரிக்க, ஜப்பானிய டிஸ்க்குகள் 60. ஒன்று இது, ஒன்று அது என்று வைத்துக்கொண்டு எது மந்தம் என்று சண்டை போடாதீர்கள்.