மழை பெய்தாலும் ஷிப்ட் மாறினாலும் நிற்காத படிப்பு

பள்ளியை விட்டுப் பல வருடம் ஆனவர்கள் மறுபடி ஏதாவது கற்க நினைத்தால் முதலில் நேரம் குறிப்பார்கள். "தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு உட்காரணும்." மலேசியாவில் பாடாங் செராய், பீடோங் மாதிரி ரப்பர் தோட்டத்தைச் சுற்றி வளர்ந்த ஊர்களில் இந்தத் திட்டம் இரண்டு வாரம் தாண்டுவது அபூர்வம். மழை பெய்தால் பால்வெட்டு இல்லை, அன்றைய பொழுது வேறு மாதிரிப் போகும். கூலிம், பிறை பக்கம் ஆலைக்குப் போகிறவர்களுக்குப் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். பகலும் இரவும் மாறி மாறி வரும். ஒன்பது மணிக்கு ஒரு வாரம் வீட்டில் இருப்பீர்கள், அடுத்த வாரம் எந்திரத்தின் முன்னால் நிற்பீர்கள். இதில் உங்கள் மன உறுதியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கடிகாரத்தோடு கட்டிய பழக்கம் இங்கே அவிழ்ந்துவிடும். தினமும் தவறாமல் நடக்கிற ஒரு காரியத்தோடு கட்டுங்கள்.

முதலில் ஒன்றே ஒன்று

"மலாய் கத்துக்கணும்", "கம்ப்யூட்டர் படிக்கணும்" என்பதெல்லாம் ஆசை. அதை மூன்று மாதத்தில் செய்து காட்டக்கூடிய ஒரு செயலாகச் சுருக்குங்கள்: "அரசாங்கக் கடிதம் வந்தால் யாரிடமும் கொடுக்காமல் நானே படித்துப் புரிந்துகொள்வேன்." "கோயில் வரவு செலவை எக்ஸலில் போடுவேன்." இரண்டு விஷயங்களை ஒரே நேரத்தில் எடுக்காதீர்கள். களைப்பான நாளில் எதை எடுப்பது என்ற யோசனையிலேயே நேரம் போய், இரண்டும் நின்றுவிடும்.

எதில் தொடங்குவது என்று தெரியாதவர்கள் சம்பளச் சீட்டில் தொடங்கலாம். புத்தகம் வாங்க வேண்டியதில்லை, மாதா மாதம் கைக்கு வருகிறது, தெரிந்துகொண்ட பலன் பணத்திலேயே தெரியும். 2025-இல் நடப்புக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). அதை மாத வேலை நாள் கணக்கான 26-ஆல் வகுத்தால் ஒரு நாள் சம்பளம் 65 வெள்ளி 38 சென். எட்டு மணி நேர வேலை என்றால் ஒரு மணிக்கு 8 வெள்ளி 17 சென். சாதாரண நாளில் கூடுதல் நேர வேலைக்கு, அதாவது ஓ.டி.க்கு, அதன் ஒன்றரை மடங்கு, சுமார் 12 வெள்ளி 26 சென். ஓய்வு நாள் ஓ.டி.க்கு இரண்டு மடங்கு, பொது விடுமுறை ஓ.டி.க்கு மூன்று மடங்கு. ஊழியர் சேமநிதியான இபிஎஃப்-க்கு உங்கள் பங்கு 11 விழுக்காடு, 187 வெள்ளி. முதலாளி பங்கு 13 விழுக்காடு, 221 வெள்ளி. ஓ.டி. பணத்துக்கு இபிஎஃப் பிடிப்பதில்லை, ஆனால் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பான சொக்சோவின் கணக்கில் அது சேரும். இத்தனையும் காகிதத்தைப் பார்க்காமல் போட்டுக் காட்ட முடிந்தால் முதல் மாதப் படிப்பு முடிந்தது. சீட்டில் இருக்கும் மலாய்ச் சொற்களும் அந்த வேலையோடு வந்துவிடும்.

எதோடு கட்டுவது

ஒரு வாரம் படிப்பைத் தொடாதீர்கள். மழை, வெயில், பகல், இரவு எதுவானாலும் நடக்கிற காரியங்களை மட்டும் எழுதிவையுங்கள். வேலை முடிந்து குளிப்பது. குளித்தபின் தேத்தண்ணி. பசியாறுவது. அரிசியைக் குக்கரில் போட்டு சுவிட்சைத் தட்டுவது. சாமி விளக்கேற்றுவது. இதில் ஒன்றைத் தேர்ந்து, வாக்கியமாக எழுதுங்கள்: "குளித்துத் தேத்தண்ணி குடித்து முடித்ததும், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறப்பேன்." எது முடிந்ததும், எங்கே, என்ன என்று மூன்றும் அதில் இருக்க வேண்டும். பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் இந்த முறையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். வெறுமனே "படிப்பேன்" என்று நினைப்பவர்களைவிட, "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே முடிவு செய்தவர்கள் சொன்னதை அதிகம் செய்து முடித்தார்கள்.

தேர்வு பிசகும் இடங்கள் சில உண்டு. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று வைக்காதீர்கள். விடியற்காலை வெட்டுக்குப் போகிறவருக்கு அப்போது கண் சொக்கும். "டிவி நாடகம் முடிந்ததும்" என்பதும் சரிவராது, அடுத்த நாடகம் வந்துவிடும். ஆலை பஸ் நல்ல இடம், ஆனால் ஓடுகிற பஸ்ஸில் எழுத்தைப் பார்த்தால் பலருக்குத் தலை சுற்றும். அங்கே காதால் கேட்பது, நேற்றுப் படித்ததைக் கண்ணை மூடி நினைவுக்குக் கொண்டுவருவது ஆகிய இரண்டோடு நிறுத்துங்கள். ஷிப்ட் மாறுகிறவர்கள் பகல் வாரத்துக்கு ஒரு வாக்கியம், இரவு வாரத்துக்கு ஒரு வாக்கியம் என இரண்டை எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும்.

உட்கார்ந்த பிறகு

இருபது நிமிடம் போதும். பத்து நிமிடம் படியுங்கள். புத்தகத்தை மூடுங்கள். ஐந்து நிமிடம், நினைவில் இருப்பதை எழுதுங்கள், மூன்று வரியே வந்தாலும் சரி. கடைசி ஐந்து நிமிடம் திறந்து பார்த்து, விட்டதைச் சிவப்புப் பேனாவால் சேருங்கள்.

மூடிவிட்டு எழுதும் பகுதியைத்தான் பெரும்பாலோர் தவிர்ப்பார்கள், ஏனென்றால் அது கஷ்டமாக இருக்கும். கற்றல் நடப்பதே அங்கேதான். 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் மாணவர்களில் சிலரைப் பாடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கவைத்தார்கள், சிலரைப் பார்க்காமல் எழுதவைத்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதியவர்கள் முந்திவிட்டார்கள். திரும்பப் படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். அந்த நினைப்பை நம்பக் கூடாது.

மறக்கக் கூடாதவற்றுக்கு அட்டைப் பெட்டி. செபாஸ்டியன் லெய்ட்னர் என்ற ஜெர்மானியர் 1970-களில் பரப்பிய முறை இது. மணிலா அட்டையை உள்ளங்கை அளவுக்கு வெட்டுங்கள். முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில், ஒரு அட்டைக்கு ஒரே கேள்வி. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் ஐந்து தடுப்பு வையுங்கள்; நம் ஊர் ஈரத்துக்கு அட்டைப்பெட்டி பூஞ்சை பிடிக்கும். முதல் தடுப்பைத் தினமும் பாருங்கள், இரண்டாவதை ஒன்றுவிட்டு ஒரு நாள், மூன்றாவதை வாரம் ஒருமுறை, நான்காவதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஐந்தாவதை மாதம் ஒருமுறை. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த தடுப்புக்குப் போகும். தவறினால் எந்தத் தடுப்பில் இருந்தாலும் முதலாவதுக்குத் திரும்பும்.

புது அட்டை ஒரு நாளைக்கு ஐந்துக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றும் குறைந்தது ஐந்து முறை திரும்ப வரும் என்பதால், ஐந்து போட்டால் போகப் போக ஒரு நாள் வேலை முப்பது அட்டைக்குள் அடங்கும், ஐந்து நிமிட வேலை. உற்சாகத்தில் இருபது போட்டால் நூறைத் தாண்டும். அந்தக் குவியலைப் பார்த்துத்தான் பலரும் பெட்டியை அலமாரிக்கு மேல் ஏற்றிவிடுகிறார்கள்.

விட்டுப்போகும் நாட்கள்

21 நாள் செய்தால் பழக்கம் ஆகிவிடும் என்று பலரும் சொல்வதை நம்பி 22-ஆவது நாள் மனம் உடையாதீர்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் பிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரை 12 வாரம் கவனித்து, 2010-இல் ஆய்விதழில் வெளியிட்ட கணக்கு வேறு. ஒரு செயல் யோசிக்காமலே வர, நடுமதிப்பாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. ஒரு நாள் விட்டதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதையும் அதே ஆய்வு காட்டியது.

ஆகவே இரண்டு அளவுகள் வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான அளவு இருபது நிமிடம். காய்ச்சல், விருந்தாளி, இரட்டை ஷிப்ட் என்றால் இரண்டு நிமிடம்: ஐந்து அட்டை பார்த்தால் அன்றைய கணக்கு தீர்ந்தது. ஒரு நாள் விட்டால் மறுநாள் சேர்த்துப் படிக்க முயலாதீர்கள். தொடர்ந்து இரண்டு நாள் விட்டால், அடுத்த மூன்று நாளும் இரண்டு நிமிட அளவு மட்டும். தீபாவளி, தைப்பூச வாரங்களுக்கு இதை முன்கூட்டியே நாள்காட்டியில் குறித்துவிடுங்கள். பதிவுக்கு ஒட்டுக்கடைக் கடன் எழுதுகிற அந்த 555 நோட்டே போதும்: தேதி, நிமிடம், இன்று கற்றது ஒரு வரி.

வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் விட்டுப்போனால், கட்டிய காரியம் தவறு என்று பொருள். அளவைக் கூட்டாமல், காரியத்தை மாற்றுங்கள்.

கைப்பேசி படிக்கும் மேசையில் இருக்கக் கூடாது, கவிழ்த்து வைத்தாலும் கூடாது. அதிலேயேதான் படிக்க வேண்டும் என்றால் பாடத்தை முன்பே பதிவிறக்கி, டேட்டாவை அணைத்துவிட்டு உட்காருங்கள். சின்ன வீட்டில் தனி அறை கிடைக்காது. பிள்ளைகள் வீட்டுப்பாடம் செய்கிற அதே மேசையில் அதே நேரம் உட்காருவது நன்றாக நடக்கும், அவர்களுக்கும் நல்லது. தமிழில் படிக்க மதுரைத் திட்டம் என்ற இணையதளத்தில் இலவச மின்னூல்கள் உள்ளன. வேலையிடத்தில் ஒரு துணை இருந்தால் ஞாயிற்றுக்கிழமை ஒருவரை ஒருவர் பத்துக் கேள்வி கேளுங்கள்.

மூன்று மாதம் கழித்து

நோட்டைப் புரட்டி, முதல் நாள் எழுதிய செயலைச் செய்து பாருங்கள். முடிந்தால் அடுத்ததை எடுங்கள். சான்றிதழ் வேண்டுமென்றால் பெரியவர்களுக்கு வழி இருக்கிறது. ஐந்தாம் படிவத்துக்கான எஸ்பிஎம் தேர்வைத் தனியார் வேட்பாளராக எழுதலாம். மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேறினால்தான் சான்றிதழ் கிடைக்கும் என்பதால் அந்த இரண்டையும் முதலில் எடுங்கள். கைத்தொழில் தெரிந்தவர்கள் வேலை அனுபவத்துக்கான ஆதாரங்களைத் தொகுத்துக் கொடுத்து எஸ்கேஎம் திறன் சான்றிதழுக்கு முயலலாம். ஏபெல் என்ற அனுபவ மதிப்பீட்டு முறையில் 20 வயதுக்கு மேல் டிப்ளோமாவுக்கும் 21-க்கு மேல் பட்டப்படிப்புக்கும் நுழையலாம். அனுபவத்தைக் காட்டும் வழிகளுக்குக் காகிதம் வேண்டும். பழைய சம்பளச் சீட்டு, வேலைக் கடிதம், பயிற்சிக்குப் போன சான்று, செய்த வேலையின் படங்கள் எல்லாவற்றையும் இந்த வாரமே ஒரு கோப்பில் தேதி வரிசையில் போடத் தொடங்குங்கள்.