பழைய பச்சிங்கோ மெஷின் வீட்டுக்கு வந்தாச்சா? முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள்

பச்சிங்கோ என்பது சின்ன உருக்குக் குண்டுகளை மேலே தட்டிவிட்டு, ஆணி அடித்த நிற்கும் பலகையில் உருண்டு இறங்க விடும் ஜப்பானிய விளையாட்டு. அதன் பழைய மெஷின் ஒன்று கைக்கு வந்ததும் எல்லோரும் செய்வது ஒன்றுதான். கூடவே வந்த நாலைந்து குண்டுகளைத் தட்டில் போட்டு லீவரைத் தட்டிப் பார்ப்பார்கள். குண்டு மேலே ஏறும், ஆணிகளில் மோதி மோதி இறங்கும், ஒன்று அதிர்ஷ்டவசமாகத் துலிப்புக்குள்ளேயே, அதாவது பூ மாதிரி விரிந்து மூடும் பரிசு வாய்க்குள்ளேயே, விழுந்துவிடும். மணி அடிக்காது, பரிசுக் குண்டும் வராது. உடனே "ரிப்பேர் போலிருக்கு" என்று எண்ணெய் டப்பாவைத் தேடப் போவார்கள்.

அந்த டப்பா இருந்த இடத்திலேயே இருக்கட்டும். பெரும்பாலும் மெஷினில் கோளாறே இருக்காது. பரிசுக் குண்டுகளை நிரப்பி வைக்கும் பின்பக்க டேங்க் காலியாக இருக்கும், அல்லது மெஷினை நிறுத்திய விதம் சரியாக இருக்காது. பச்சிங்கோவின் முன்பக்கம் வெறும் அலங்காரம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் வேலை முழுக்க நடப்பது முதுகுப் பக்கம்தான். அதைப் புரிந்துகொள்ளாமல் எதையும் கழற்றவும் வேண்டாம், வளைக்கவும் வேண்டாம்.

உங்களிடம் இருப்பது எந்தக் காலத்து மெஷின்?

இந்த விளக்கம் 1960கள், 70களில் ஜப்பானில் செய்த, லீவரைக் கையால் தட்டி ஆடும் மெஷின்களுக்கு. வலது கீழ் மூலையில் ஸ்பிரிங் லீவர் இருந்தால் இதுதான். லீவருக்குப் பதிலாக வட்டமான கைப்பிடி இருந்து, அதைத் திருகினால் மோட்டார் குண்டுகளைத் தொடர்ந்து அடிக்கும் என்றால் அது அடுத்த தலைமுறை. 1980இல் சாங்கியோ கம்பெனியின் 'ஃபீவர்' மெஷின் வந்த பிறகு எலக்ட்ரானிக்ஸ் உள்ளே புகுந்துவிட்டது. அவற்றுக்கு மின்சார வேலை தெரிந்தவர் துணை வேண்டும். புதிதாகத் தொடங்குபவருக்குக் கைலீவர் மெஷினே நல்லது. கண்ணால் பார்த்தே எல்லாவற்றையும் புரிந்துகொள்ளலாம்.

ஜப்பானில் பச்சிங்கோ கூடங்கள் வாடிக்கையாளரை இழுக்க அடிக்கடி மெஷின்களை மாற்றிக்கொண்டே இருக்கும். கழித்துக்கட்டியவை 1970களில் கப்பல் கப்பலாக அமெரிக்காவுக்குப் போய், குடும்ப விளையாட்டுச் சாமானாக விற்றன. இன்று பழைய பொருள் சந்தைகளில் கிடைப்பவை பெரும்பாலும் அந்தச் சரக்குதான். நிஷிஜின் என்ற கம்பெனிப் பெயர் கண்ணில் நிறையப் படும். சாங்கியோ, ஹெய்வா போன்றவையும் உண்டு. பின்பலகையில் பழைய காகிதச் சீட்டு ஏதாவது ஒட்டியிருந்தால் கிழித்துவிடாதீர்கள். அதில் ஷோவா ஆண்டு (ஜப்பானியச் சக்கரவர்த்தியின் ஆட்சிக் கணக்கு) இருந்தால் 1925ஐக் கூட்டிக்கொள்ளுங்கள்: ஷோவா 48 என்றால் 1973.

நிறுத்துவது

மெஷின் ஏறக்குறைய 80 சென்டிமீட்டர் உயரம், அரை மீட்டர் அகலம். கூடத்தில் இது மரச்சட்டத்துக்குள் கீலில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சட்டம் பல சமயம் கூட வராது. அதனால் சுவரில் அப்படியே சாய்த்து வைத்துவிடுகிறார்கள், தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. தச்சரிடம் சொல்லி ஒரு சட்டமும் காலும் அடித்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் கை நுழையும்படி திறப்பு இருக்க வேண்டும். முன்பாரம் உள்ள சாமான் இது, குழந்தைகள் இழுத்தால் கவிழ்ந்துவிடும். சட்டத்தைச் சுவரோடு பிணைத்துவிடுங்கள்.

இடவலமாக ரசமட்டம் வைத்துப் பாருங்கள், துளிக்கூடச் சாயக் கூடாது. முன்பின்னாகப் பார்த்தால் சற்றே பின்னால் சாய்ந்திருக்க வேண்டும்: மேல் விளிம்பு கீழ் விளிம்பைவிட ஒரு சென்டிமீட்டர், ஒன்றரை சென்டிமீட்டர் பின்னால் இருந்தால் போதும். செங்குத்தாக நின்றால் குண்டு கண்ணாடியில் அடித்துக்கொண்டு சரசரவென்று விழுந்துவிடும். ரொம்பச் சாய்ந்தால் பலகையில் உரசிக்கொண்டு சோம்பேறித்தனமாக உருளும்.

இன்னொன்று. ஆடித் தோற்ற குண்டுகளும் ஜெயித்த குண்டுகளும் பின்னால் அடிப்பக்கமாக வெளியே கொட்டும். கூடத்தில் அவற்றை வாரிக்கொண்டு போக ஏற்பாடு இருந்தது. உங்கள் வீட்டில் ஒரு பெட்டிதான் கதி. இதை யாரும் முதலிலேயே சொல்வதில்லை; குண்டுகள் சோபாவுக்கு அடியில் ஓடிய பிறகுதான் தெரியும்.

குண்டு

பச்சிங்கோ குண்டின் விட்டம் 11 மில்லிமீட்டர், எடை ஐந்தரை கிராம் சுமார். சைக்கிள் கடையில் கிடைக்கும் பால்ரஸ் குண்டு பார்வைக்கு இதே மாதிரி இருக்கும், ஏமாற வேண்டாம். அங்குலக் கணக்கில் விற்கும் 7/16 அளவு 11.11 மில்லிமீட்டர் வரும். சில தடங்களில் ஓடும், சிலவற்றில் சிக்கும். பழைய பச்சிங்கோ குண்டுகளே தனியாக விலைக்குக் கிடைக்கின்றன, அதை வாங்குவதே நிம்மதி. பலவற்றில் கூடத்தின் பெயரோ சின்னமோ செதுக்கியிருக்கும். குறைந்தது 200 குண்டு வேண்டும், 300 இருந்தால் தாராளம். மொத்தமே ஒன்றரை கிலோ சொச்சம்தான்.

அழுக்குக் குண்டுகளை வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு போட்டு அலசி, உடனே துண்டில் கொட்டி உருட்டி உருட்டி ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். காயட்டும் என்று விட்டால் துரு பிடிக்கும். துரு தின்று குழி விழுந்த குண்டை யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள். அது பித்தளை ஆணியையும் பலகையையும் தேய்த்துவிடும். கீழே சிந்திய குண்டுகளைக் காந்தத்தால் பொறுக்கும் ஆசையும் வேண்டாம். காந்தம் ஏறிய குண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தடத்தில் அடைத்துக்கொள்ளும். கைக்குழந்தை இருக்கும் வீடென்றால் குண்டுகளைப் பூட்டி வையுங்கள், வாயில் போடும் அளவுதான்.

சுத்தம் செய்வது

சாவி இல்லாமல் வரும் மெஷின் நிறைய. பின்பக்கம் திறந்திருப்பதால் பூட்டின் நாக்கை அங்கிருந்தே கையால் தள்ளிக் கண்ணாடிக் கதவைத் திறந்துவிடலாம், நெம்ப வேண்டாம்.

ஆடுபலகை என்பது பிளைவுட் மேல் படம் அச்சிட்ட மெல்லிய தகடு. தண்ணீர் இறங்கினால் உப்பிக்கொள்ளும். மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷால் ஆணிகளுக்கு இடையே தூசியைத் தட்டிவிட்டு, நன்றாகப் பிழிந்த துணியால் ஒற்றி எடுங்கள். அவ்வளவே. துலிப் இதழ்களும் நடுவில் இருக்கும் அலங்கார உருவமும் பல ஆண்டுப் பழைய பிளாஸ்டிக், அப்பளம் மாதிரி நொறுங்கும். அவற்றை விரல் நுனியால் மட்டும் தொடுங்கள். ஆணிகள் கறுத்திருந்தால் இப்போதைக்கு இருக்கட்டும். பாலிஷ் போட்டால் வெள்ளைப் பொடி ஆணியடியில் தங்கி, எடுப்பது பெரும் பாடாகிவிடும்.

பின்பக்கம்: ஒரு குண்டின் பயணம்

டேங்கை நிரப்புவதற்கு முன்னால் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். கண்ணாடியைத் திறந்து, ஒரே ஒரு குண்டை ஏதாவது ஒரு துலிப்பின் வாயில் கையால் போடுங்கள். இன்னொருவர் பின்னால் டார்ச் அடித்துப் பார்க்கட்டும்.

குண்டு உள்ளே விழுந்ததும் துலிப் இதழ்கள் விரியும். அடுத்த குண்டு விழுந்தால் மூடும். விழுந்த குண்டு பலகையிலுள்ள துளை வழியே பின்பக்கம் வந்து, ஒரு சரிவில் உருளும். எந்த வாயில் விழுந்தாலும் எல்லாச் சரிவுகளும் கடைசியில் ஒரே வாய்க்காலில் சேர்கின்றன. அந்த வாய்க்காலின் அடியில் தராசு போல் ஒரு நெம்புகோல் மல்லாந்து காத்திருக்கும். குண்டு அதன் மேல் டக்கென்று உட்காரும். ஐந்தரை கிராம்தான், அந்த எடைக்கே கோல் சாய்ந்து, தடத்தின் கதவைத் திறந்து, சின்ன மணியையும் அடித்துவிடும். மேலே டேங்கிலிருந்து இறங்கி வரிசையில் நிற்கும் குண்டுகளில் எண்ணி வைத்த அளவு, மாடலைப் பொறுத்துப் பெரும்பாலும் 10 முதல் 15 வரை, கலகலவென்று முன்தட்டில் கொட்டும். பிறகு கோல் ஜெயித்த குண்டைக் கீழே தள்ளிவிட்டுப் பழைய நிலைக்கு எழும்பும். மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. எண்ணிக் கொடுப்பது முழுக்கப் புவியீர்ப்பு. உறுப்புகளின் வடிவம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், வேலை இதுதான்.

இப்படி ஒவ்வொரு வாயிலும் ஒவ்வொரு குண்டாகப் போட்டுப் பாருங்கள். எங்கே நிற்கிறதோ அங்கேதான் நோய். வழியில் நின்றால் சிலந்தி வலையோ, உடைந்த பிளாஸ்டிக் துண்டோ, வளைந்த தகடோ இருக்கும். கோல் மேல் வந்து உட்கார்ந்தும் கோல் அசையவில்லை என்றால் அச்சில் பழைய கிரீஸ் இறுகியிருக்கிறது. காது குடையும் பஞ்சுக்குச்சியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, உலோக அச்சை மட்டும் துடைத்து, கோலை விரலால் மெதுவாக ஆட்டிக்கொடுங்கள். அச்சிட்ட படத்தின் மேல் அந்தத் திரவம் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய் ஏன் கூடாது என்றால், முதல் வாரம் எல்லாம் வழுக்கிக்கொண்டு ஓடும். அப்புறம் தூசி படிந்து பிசினாகும். ஐந்தரை கிராம் எடைக்கு அசைய வேண்டிய கோலுக்கு அந்தப் பிசினே போதும். எதற்காவது மசகு வேண்டும் என்று தோன்றினால் பென்சில் கரித்தூளைக் கொஞ்சம் தொட்டு வையுங்கள், மின்கம்பி இணைப்புகள் பக்கம் மட்டும் போகாமல்.

சோதனை முடிந்ததா? சரி, இப்போது டேங்கை நிரப்புங்கள். அள்ளிக் கொட்டாமல் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டு, தடம் அடியிலிருந்து நிரம்பி வருவதைப் பாருங்கள். நடுவில் இடைவெளி விழுந்தால் 15 வர வேண்டிய இடத்தில் எட்டோ ஒன்பதோதான் வரும். டேங்க் வாயில் குண்டுகள் ஒன்றையொன்று முட்டுக்கொடுத்து நின்றுவிடுவதும் உண்டு. விரலால் கலைத்துவிட்டால் போதும். நிற்காமல் கொட்டிக்கொண்டே இருந்தால் சந்தோஷப்படாதீர்கள், கோல் திரும்ப எழவில்லை என்று அர்த்தம். மறுபடி பஞ்சுக்குச்சி.

விளக்கு

ஆட்டத்துக்கு விளக்கு தேவையில்லை. பரிசு விழுந்தால் ஒன்று எரியும், டேங்க் காலியானால் ஒன்று எரியும், அவ்வளவே. பின்னால் தொங்கும் ஒயரைப் பார்த்ததும் பிளக் மாட்டிச் சுவரில் செருகிவிடாதீர்கள். இது வீட்டு மின்சாரத்துக்கானது அல்ல, குறைந்த வோல்ட் சாமான். பல்பைக் கழற்றி அதில் எத்தனை வோல்ட் என்று பார்த்து, அதற்கேற்ற சிறிய அடாப்டர் வாங்குங்கள். அதற்கு முன் ஒயரின் உறை வெடித்திருக்கிறதா என்று நீளம் முழுக்கத் தடவிப் பாருங்கள். வெடித்திருந்தால் புது ஒயர் மாற்றிய பிறகுதான் எதுவும்.

ஆடுவது

மேல்தட்டில் குண்டுகளைப் போட்டால் ஒவ்வொன்றாக லீவர் முன்னால் வந்து நிற்கும். கட்டை விரலால் லீவரை அழுத்தி விட வேண்டும். முழு பலத்தையும் காட்டினால் குண்டு வலது ஓரத்துக்குப் பறந்து, மோதித் திரும்பி, உதவாத இடத்தில் விழும். பலம் குறைந்தால் பாதி வழியில் திரும்பிக் கீழ்த்தட்டுக்கு வந்துவிடும், நஷ்டமில்லை. இடப்பக்கத் தடத்தைத் தாண்டி, உச்சியில் இருக்கும் ஆணிகளின் இடுக்கில் போய் விழும் அளவுதான் சரியான பலம். ஒரே ஓர் ஆணி இடுக்கைக் குறி வைத்து, பத்துப் பதினைந்து குண்டுகளை அதே பலத்தில் அனுப்பப் பாருங்கள். பச்சிங்கோவில் திறமை என்று ஒன்று இருந்தால் இதுதான். வேகமாகத் தட்டினால் நிறைய ஜெயிக்கலாம் என்பதெல்லாம் பிரமை.

ஆடி ஆடி ஒரு துலிப்பில் குண்டே விழவில்லை என்று தெரிந்தால், ஆணியை வளைக்கலாமா என்ற யோசனை வரும். பித்தளை ஆணிகள் நேராக அடிக்கப்பட்டவை அல்ல. குண்டு துள்ளி நிற்க வசதியாக நுனி லேசாக மேல்நோக்கி இருக்கும். கூடத்தில் இதற்கென்றே குகிஷி என்ற ஆணி வல்லுநர் இருந்தார். கடை மூடிய பிறகு சின்னப் பித்தளைச் சுத்தியலால் தட்டி, முடி அளவு அகட்டியோ நெருக்கியோ கூடத்தின் லாபத்தையே தீர்மானித்தவர் அவர். போருக்குப் பின் ஜப்பானின் நகோயா நகரில் மசமுரா தகேயிச்சி என்ற மெஷின் தயாரிப்பாளர் வகுத்த ஆணி அமைப்புதான் இன்றுவரை வரும் பலகைகளுக்கு அடிப்படை என்பார்கள். ஆகவே முதல் சில மாதங்களுக்கு ஆணியைத் தொடாதீர்கள். தொட்டே ஆக வேண்டும் என்றால், கைபேசியில் முதலில் பலகையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நிச்சயமாக வளைந்து கிடக்கும் ஓர் ஆணியை மட்டும், பக்கத்து ஆணிகளைப் பார்த்து, குறடு படாமல் சின்னச் சுத்தியலால் தட்டி நிமிர்த்துங்கள். பிறகு அந்த இடுக்கில் ஒரு குண்டைக் கையால் விட்டுப் பாருங்கள்.

சத்தத்தைப் பற்றிக் கேட்பீர்கள். இருக்கும், நன்றாகவே இருக்கும். பின்னால் வைத்த பெட்டியின் அடியில் பழைய துண்டு ஒன்றை மடித்துப் போட்டால் பாதி குறையும். மணியின் நாக்கில் கொஞ்சம் பஞ்சு சுற்றினால் இரவிலும் ஆடலாம்.