விலை குறைந்த மடக்குக் கத்தி தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மடக்குக் கத்தி மேல் ஆசை வந்தவர்கள் முதலில் போய் நிற்பது விலை உயர்ந்த கத்திகளின் படங்களுக்கு முன்னால்தான். கிறிஸ் ரீவ் செபென்ஸா, ஸ்பைடர்கோ பாரா மிலிட்டரி 2, பெஞ்ச்மேட் பக்அவுட் என்று பெயர்கள் எல்லாம் சீக்கிரமே மனப்பாடம் ஆகிவிடும். விலையைப் பார்த்ததும் கேள்வி மாறும்: "இதே மாதிரி, ஆனா கம்மி விலையில ஏதாவது இருக்கா?"

இருக்கிறது. நிறையவே இருக்கிறது. ஆனால் புதிதாக வருகிறவர்கள் தேடுகிற விதத்தைப் பார்த்தால், ஆரம்பத்தில் நான் பணத்தைக் கொட்டிய அதே இடங்களில்தான் அவர்களும் கொட்டுகிறார்கள். கத்தியை ஸ்க்ரூடிரைவராக ஆக்காதீர்கள், ஈரத்தோடு மடக்காதீர்கள் என்பதெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள். அவற்றை விட்டுவிட்டு, பர்ஸைக் கடிக்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

விலை எதற்கு என்று யோசிக்காமல் மாற்று தேடுவது

ஐந்து மடங்கு விலையுள்ள கத்தி ஐந்து மடங்கு நன்றாக வெட்டாது. கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி டைட்டானியத்தைக் கடைந்தெடுக்கவும், பாகங்களை நூல் பிசகாமல் பொருத்தவும், கடைசி மெருகுக்கும், விற்றபிறகு செய்யும் பராமரிப்புக்கும் போகிறது. செபென்ஸாவைக் கையில் எடுத்துத் திறந்தவர்களுக்கு அந்தப் பொருத்தம் புரியும். அதற்கு விலை உண்டு, நியாயமான விலைதான். ஆனால் உங்களுக்கு வேண்டியது அதுதானா?

வெட்டுவதுதான் முக்கியம் என்றால் ஒப்பினெல் 8-ஆம் எண் கத்தியைத் தாண்டி வெகுதூரம் போகவேண்டியதில்லை. பிரான்ஸின் சவோய் பகுதியில் 1890-இல் ஜோசப் ஒப்பினெல் வடிவமைத்தது. மரக் கைப்பிடி, மெல்லிய அலகு, திறந்த அலகு மடங்காமல் பிடித்துக்கொள்ள 1955-இல் சேர்த்த வளைய லாக், அவ்வளவுதான். பக்அவுட்டில் உங்களை இழுத்தது எடை குறைவு என்றால், சுமார் 50 கிராம் எடையில் பிளாஸ்டிக் கைப்பிடிக் கத்திகளைத் தேடுங்கள். பக்அவுட்டின் குறுக்குக் கம்பி லாக்தான் பிடித்தது என்றால் அதுவும் இப்போது எளிது. பெஞ்ச்மேட் 'ஆக்ஸிஸ் லாக்' என்று அழைக்கும் இந்த லாக்கின் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால், அதே முறையில் இயங்கும் லாக்கைப் பல நிறுவனங்கள் குறைந்த விலைக் கத்திகளில் பொருத்துகின்றன.

ஒரு கத்தியில் எது பிடித்தது என்று ஒரே வரியில் சொல்ல முடிந்தால் பாதித் தேடல் முடிந்தது.

எஃகின் பெயரை வாங்குவது

என்னை இன்றுவரை எரிச்சல்படுத்துகிற தவறு இதுதான். இதில்தான் நிறையப் பணமும் போகிறது.

வழக்கமாக நடப்பது இது. ஒருவர் சில வாரம் படிக்கிறார். எஸ்30வி, எம்390, மேக்னகட் என்ற பெயர்கள் பழகிவிடுகின்றன. அப்புறம் தேடல் ஒரே திசையில் போகிறது: "எம்390 எஃகு உள்ள கத்திகளிலேயே மலிவானது எது?" அலகின் வடிவத்தையும் கனத்தையும் யாரும் கேட்பதில்லை. எஃகைச் சூடாக்கிக் குளிரவைத்துப் பதம் ஏற்றியது யார் என்று கேட்பவர்களோ அதைவிடக் குறைவு.

இந்த எஃகுகளைக் குறை சொல்லவில்லை. எஸ்30வி, கிறிஸ் ரீவ் போன்ற கத்தி தயாரிப்பாளர்களின் யோசனைகளையும் கேட்டு, கத்திக்கென்றே குரூசிபிள் நிறுவனம் 2001-இல் கொண்டுவந்தது. மேக்னகட், உலோகவியலாளர் லாரின் தாமஸ் உருவாக்கி 2021-இல் வெளிவந்தது. எம்390 ஆஸ்திரியாவின் போஹ்லர் தயாரிப்பு. அதில் சுமார் 20 சதவீதம் குரோமியமும் 4 சதவீதம் வனேடியமும் இருக்கிறது. மூன்றும் அருமையான எஃகுகள். ஆனால் பெயர் சொல்வது கலவையை மட்டும்தான். அந்தக் கலவையை எந்தச் சூட்டுக்குக் காய்ச்சினார்கள், எவ்வளவு வேகமாகக் குளிரவைத்தார்கள், மறுபடி எந்தச் சூட்டில் பதம் தணித்தார்கள் என்பதில்தான் அலகு உருவாகிறது. எம்390-ஐச் சரியாகப் பதப்படுத்தினால் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் அளவில் 60-ஐ ஒட்டி நிற்கும். அவசரமாக, செலவைக் குறைத்துச் செய்தால் 57-க்கு இறங்கிவிடும். அப்போது நீங்கள் கொடுத்த கூடுதல் பணம் அலகின்மேல் பொறித்திருக்கும் எழுத்துக்குத்தான்.

இரண்டாவது விஷயம் அலகின் வடிவம். அடிக்கடி பேசும் தம்பி ஒருவர் டைட்டானியம் கைப்பிடி, எம்390 அலகு என்று விளம்பரம் செய்திருந்த ஒரு மடக்குக் கத்தியை வாங்கிக் கொண்டுவந்தார். பெரிய பிராண்டு கத்தியின் விலையில் கால்வாசிதான். முகத்தில் அத்தனை சந்தோஷம். மேஜைமேல் ஒரு ஆப்பிள் இருந்தது. வெட்டிப் பார்க்கச் சொன்னேன். அலகு கால்வாசி இறங்கியது. அதற்குமேல் அவர் அழுத்த வேண்டியிருந்தது. பாதி போவதற்குள் பழம் 'சடக்' என்று தானாகவே பிளந்தது. வெட்டிய பக்கம் மேலே வழவழப்பாகவும், கீழே சொரசொரப்பாக உடைந்தும் இருந்தது. பிறகு என் பழைய ஒப்பினெல்லைக் கொடுத்தேன். அது சாதாரண கார்பன் எஃகு, எங்கும் கறை படிந்தது. பழத்தின் மறுபாதியில் வைத்து இழுத்தார். சத்தமே இல்லாமல் அடிவரை போனது. வெட்டின முகம் முழுக்க ஒரே வழவழப்பு. தம்பி இரண்டு கத்திகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "ஆனா அண்ணா, இது எம்390 ஆச்சே?" என்றார்.

கூர்மையில் அவருடைய கத்தி ஒன்றும் குறைவில்லை. காகிதத்தை அழகாக அறுத்தது. பிரச்சினை கூர் விளிம்புக்குச் சற்று மேலே உள்ள கனத்தில் இருந்தது. கனம் அளக்கும் காலிப்பரை வைத்துப் பார்த்தபோது 0.8 மில்லிமீட்டருக்கும் மேல். அந்த இடம் 0.3, 0.4 என்று இருந்தால் கத்தி பொருளுக்குள் நுழைந்து போகும். இரண்டு மடங்கானால் ஆப்பு அடித்த மாதிரி பொருளைப் பிளக்கத்தான் செய்யும். எஃகு எதுவானாலும் இது மாறாது. அட்டைப்பெட்டி வெட்டினாலும் இதே கதைதான்: மெல்லிய அலகு நழுவிப் போகும், கனத்த அலகு பாதியில் சிக்கிக்கொண்டு கையை வலிக்கவைக்கும்.

நஷ்டம் அதோடு நிற்பதில்லை. எம்390 மழுங்கினால் சாதாரண சாணைக்கல்லில் லேசில் மசியாது. அதிலுள்ள வனேடியம் கார்பைடுத் துகள்கள் (வனேடியமும் கார்பனும் சேர்ந்தவை), வழக்கமான அலுமினியம் ஆக்ஸைடு கல்லைவிடக் கடினமானவை. ஆகவே வைரத்தூள் பதித்த தகடு வாங்க வேண்டும். வாங்கினார். கனத்த விளிம்பை மெல்லியதாக்கப் பல மாலைப் பொழுதுகள் தேய்த்தார். கடைசியில் வெறுத்துப்போய், வாங்கிய விலையில் பாதிக்கு விற்றுவிட்டு, முதலில் ஆசைப்பட்ட விலை உயர்ந்த கத்தியையே வாங்கினார். கூட்டிப் பார்த்தால் மலிவு தேடியதால் செலவு அதிகமானது. இதை எத்தனை பேரிடம் பார்த்துவிட்டேன்! எழுதும்போதே கோபம் வருகிறது, ஏனென்றால் சிக்கனமாக இருக்க நினைத்தவர்களுக்குத்தான் இது நடக்கிறது.

சரி, என்ன பார்க்கவேண்டும்? அலகைத் திறந்து, கூர் விளிம்பை உங்கள் பக்கம் திருப்பாமல், முனையிலிருந்து கைப்பிடியை நோக்கிப் பாருங்கள். முதுகிலிருந்து விளிம்புவரை நேராகச் சரிந்து மெலிகிறதா, அல்லது பாதிவரை தடியாக வந்து கடைசியில் திடீரென்று கூராகிறதா? படத்தை மட்டும் பார்த்து வாங்குவதானால், சாணை பிடித்த பளபளப்பான பட்டையின் அகலத்தைக் கவனியுங்கள். அந்தப் பட்டை அகலமாக இருந்தால் பெரும்பாலும் அலகு அங்கே கனமாக இருக்கிறது என்று அர்த்தம். விமர்சனம் எழுதுகிறவர்களில் விளிம்பின் கனத்தை அளந்து சொல்பவர்களை நம்புங்கள். எஃகின் பெயரை மட்டும் கொண்டாடுகிறவர்களைத் தாண்டிப் போங்கள்.

எளிய எஃகுகளைக் கண்டு தயங்கவேண்டாம். ஸ்வீடனின் 14சி28என் நுண்ணிய அமைப்புள்ள எஃகு. லேசில் துருப்பிடிக்காது, சாதாரணக் கல்லிலேயே சட்டென்று கூராகும். குறைந்த விலைக் கத்தியில் இதைப் பார்த்தால் எனக்கு நிம்மதி. 8சிஆர்13மோவி சீக்கிரம் மழுங்கும், ஆனால் சில நிமிடத்தில் திரும்பக் கூராகிவிடும். டி2 நீண்ட நேரம் கூர் தாங்கும். ஆனால் அதில் குரோமியம் 12 சதவீதத்தை ஒட்டி இருந்தாலும், அதில் ஒரு பகுதி கார்பைடில் மாட்டிக்கொள்வதால் துருவை முழுதாகத் தடுக்காது. வியர்வைக் கை என்றால் துடைத்து, துளி எண்ணெய் தடவி வையுங்கள். சுவிஸ் ராணுவக் கத்தி செய்யும் விக்டோரினாக்ஸின் அலகு ராக்வெல் அளவில் 56-ஐத் தாண்டாது. பட்டியலில் அந்த எண்ணைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. 1897-இல் தொடங்கிய அந்த அதிகாரிக் கத்தி வரிசை இன்றும் நன்றாக வெட்டுவதற்குக் காரணம் மெல்லிய அலகுதான்.

இன்னொன்று: புதுக் கத்தி சீக்கிரம் மழுங்கினால் உடனே எஃகைத் திட்டாதீர்கள். தொழிற்சாலையில் வேகமான பெல்ட்டில் கூர் ஏற்றும்போது அந்த மெல்லிய விளிம்பு சூடாகிப் பதம் கெட்டிருக்கலாம். இரண்டு மூன்று முறை நீங்களே சாணை பிடித்தபின் தீர்ப்பு சொல்லுங்கள்.

போலியை 'மாற்று' என்று நினைப்பது

இங்கே மூன்று வகை இருக்கிறது, கலந்துவிடக் கூடாது. பெரிய நிறுவனத்தின் பெயரையும் சின்னத்தையும் திருட்டுத்தனமாகப் பொறித்து விற்பது போலி. சின்னம் இல்லாமல் வடிவத்தை மட்டும் காப்பியடிப்பது நகல். நிறுவனமே குறைந்த விலையில் கொண்டுவரும் தனி வரிசையும், வடிவமைப்பாளரிடம் உரிமை வாங்கிச் செய்யும் கத்தியும் மூன்றாவது வகை. ஸ்பைடர்கோவின் பேர்ட், வீ நிறுவனத்தின் சிவிவி இந்த மூன்றாவது வகை. நீங்கள் தேடவேண்டியது இங்கேதான்.

போலியில் எழுதியிருக்கும் எஃகு உள்ளே இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. பெயரிலேயே பொய் சொல்கிறவர் பதத்தில் உண்மையாக இருப்பார் என்று ஏன் நம்பவேண்டும்? லாக் நழுவி விரல் வெட்டுப்பட்டால் பதில் சொல்ல ஆளும் இருக்காது. நகலிலும் எனக்கு உடன்பாடில்லை. ஒருவர் வருடக்கணக்கில் யோசித்துச் செய்ததை ஒரே இரவில் சுட்டு விற்பதற்கு என் பணம் போகவேண்டாம்.

லாக்கைச் சோதிக்காமல் பையில் போடுவது

குறைந்த விலைக் கத்திகளில் அதிகம் இருப்பது லைனர் லாக்: கைப்பிடிக்குள் இருக்கும் மெல்லிய உலோகத் தகடு வளைந்து வந்து அலகைத் தாங்கும். 1980-களில் மைக்கேல் வாக்கர் இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தது. கிறிஸ் ரீவ் அதையே கைப்பிடியின் ஒரு பக்கமாக மாற்றியதுதான் பிரேம் லாக். இரண்டிலும் கவனிக்கவேண்டியது ஒன்றுதான்: அலகு திறந்ததும் அந்தத் தகடு அலகின் அடிப்பாகத்துக்குப் பின்னால் நன்றாக உள்ளே வந்து நிற்கிறதா? ஓரத்தில் தொட்டும் தொடாமலும் நின்றால் திருப்பிக் கொடுங்கள்.

விரல்களை அலகின் பாதையிலிருந்து முழுதாக விலக்கிக்கொண்டு, அலகின் முதுகைக் கட்டை மேல் வைத்து மெதுவாக அழுத்துங்கள். அசையக் கூடாது. முதுகை ஓங்கி அடித்துக் காட்டும் வீடியோக்களைப் பார்த்து அப்படிச் செய்யாதீர்கள். நல்ல லாக்கும் கெட்டுப்போகும். அலகைப் பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள். லேசான ஆட்டம், அலகு சுழலும் அச்சுத் திருகை அரைச் சுற்று முறுக்கினால் சரியாகலாம். மேலும் கீழும் ஆட்டம் இருந்தால் அது லாக்கின் குறை, திருகால் தீராது.

ஒரு நல்லதுக்குப் பதில் ஆறு சுமார்களை வாங்குவது

வேண்டாம்.

சாணைக்குப் பணம் ஒதுக்காதது

பட்ஜெட்டில் கால்பங்கு கல்லுக்கு. இருபக்கக் கல்லும் ஒரு தோல் பட்டையும் போதும். சாணை பிடிக்கத் தெரியாதவர் கையில் எந்தக் கத்தியும் ஒரு மாதக் கத்திதான்.

வந்த அன்றே பிரித்துப் பார்ப்பது

திருகுகள் தளராமல் இருக்கப் பூட்டுப் பசை போட்டிருப்பார்கள். தரமில்லாத டார்க்ஸ் பிட்டை (நட்சத்திர முனைத் திருப்புளி) வைத்துத் திருகினால் தலை வழுக்கிப்போகும். பிரித்தால் உத்தரவாதம் செல்லாது என்று சொல்லும் நிறுவனங்களும் உண்டு. முதலில் சோப்பு நீரில் கழுவி, நன்றாக உலர்த்தி, அச்சில் ஒரு துளி எண்ணெய் விடுங்கள். பெரும்பாலான உராய்வு அதிலேயே போய்விடும்.

சட்டத்தைப் பார்க்காதது

லாக் உள்ள அலகு, ஒரு கையால் திறப்பது, அலகின் நீளம் என்று ஊருக்கு ஊர் விதி மாறும். வாங்கும் முன் படித்துவிடுங்கள். விமானத்தில் கைப்பையில் வைக்கவே வைக்காதீர்கள்.

பழைய கத்தியை ஒதுக்குவது

விலை உயர்ந்த கத்திதான் வேண்டும், வேறெதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் ஒருவர் பயன்படுத்தியதைத் தேடுங்கள். பெட்டியில் வைத்து அழகு பார்த்துவிட்டு விற்பவர்கள் நிறையப் பேர். புதிய அலகின் படத்தோடு ஒப்பிட்டு, சாணையில் எவ்வளவு உயரம் தேய்ந்திருக்கிறது, முனை உடைந்து திருத்தியிருக்கிறதா என்று பாருங்கள். திருகுத் தலைகளின் படத்தைத் தனியாகக் கேளுங்கள். அவை சிதைந்திருந்தால் யாரோ உள்ளே கைவைத்திருக்கிறார்கள். நிறுவனத்தின் பராமரிப்பு இரண்டாவது உரிமையாளருக்கும் கிடைக்குமா என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே நிறுவனத்திடம் எழுதிக் கேட்டுவிடுங்கள்.